மூன்றாவது சுற்றிலும் அதே இழுவை

காடிலாக் சிடிஎஸ்-வி இரண்டாம் தலைமுறை வண்டிக்குக் காகிதத்தில் 556 குதிரைத்திறன், 747 நியூட்டன் மீட்டர் டார்க். குடும்பத்தோடு சாவகாசமாக உட்கார்ந்து போகிற ஒரு செடானுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஆகஸ்ட் மாத அமீரகத்தில் அந்தக் கணக்கு முதல் மிதிக்கு மட்டுமே செல்லும். இரண்டாவது மிதியில் வண்டி லேசாகச் சோம்பும். மூன்றாவதில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாவிட்டாலும் ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். சத்தம் அதேதான், இழுவைதான் குறைந்திருக்கும்.

இதற்குச் சந்தையில் சொல்லப்படும் மருந்து ஹீட் எக்ஸ்சேஞ்சரை மாற்றுவது. பம்பருக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன ரேடியேட்டரை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்றை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். என்னிடம் இருக்கும் 2012 மாடல் ஆட்டோமேட்டிக் வண்டியில் இதைச் செய்து, முன்னும் பின்னும் இன்ஜின் கம்ப்யூட்டரின் பதிவை (லாக்) எடுத்து, துபாய் ஆட்டோட்ரோமிலும் அல் ஐன் பக்கத்து ஜெபல் ஹஃபீத் மலையிலும் ஓட்டிப் பார்த்தேன். பலன் உண்டு. ஆனால் விற்பவர்கள் சொல்லும் இடத்தில் அல்ல.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். இந்த வண்டியில் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்ஏ இன்ஜின். 6.2 லிட்டர் வி8. அதன் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுப்பள்ளத்தில் ஈட்டன் கம்பெனியின் டிவிஎஸ் 1900 சூப்பர்சார்ஜர் படுத்திருக்கிறது. (மதுரை டிவிஎஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) நாலு இதழ்கள் கொண்ட இரண்டு ரோட்டர்கள் ஒன்றோடொன்று பின்னிச் சுழன்று, ஒரு சுற்றுக்கு 1.9 லிட்டர் காற்றை இன்ஜினுக்குள் தள்ளும். பெல்ட் மூலம் கிராங்க்கிலிருந்தே ஓடுவதால், டர்போவைப் போல மூச்சு வாங்கிக்கொண்டு காத்திருக்காது. மிதித்த கணத்தில் அழுத்தம் வந்து நிற்கும். அழுத்தம் சுமார் 9 பிஎஸ்ஐ.

காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் டயருக்குக் காற்றடித்த எல்லோருக்கும் பம்பின் அடிப்பக்கம் சுட்டிருக்கும். எவ்வளவு சூடாகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வெளிக்காற்று 45 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 9 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1.6 மடங்கு ஆகிறது. அமுக்கும் திறன் 65 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், சூப்பர்சார்ஜரை விட்டு வெளியே வரும் காற்று 115 டிகிரியைத் தொட்டுவிடும். கொதிக்கும் தண்ணீரைவிட அதிகம். அதை அப்படியே சிலிண்டருக்குள் விட்டால் பெட்ரோல் தானாகவே நேரத்துக்கு முன் வெடிக்கத் தொடங்கும், நாக்கிங் வரும், பிஸ்டன் உடையும்.

அதைத் தடுக்கத்தான் சூப்பர்சார்ஜரின் மூடிக்குள்ளேயே ஓர் இன்டர்கூலர் இருக்கிறது. இந்த வண்டிக்காரர்கள் அதைச் செங்கல் என்றே கூப்பிடுகிறார்கள், வடிவம் அப்படி. சூடான காற்று செங்கல் வழியாகப் போகும்போது அதற்குள் ஓடும் கூலன்ட் சூட்டை வாங்கிக்கொள்ளும். வாங்கிய சூட்டைச் சுமந்துகொண்டு வண்டியின் முகப்புக்கு வந்து, அங்கே இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாக வெளிக்காற்றில் கொட்டிவிட்டுத் திரும்பிப் போகும். இன்ஜின் ரேடியேட்டரோடு சம்பந்தமில்லாத தனிச் சுற்று இது. ஓட்டுவதற்கு ஒரு மின்சார பம்ப். ஆக, சூடு இரண்டு தடவை கைமாறுகிறது. காற்றிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து மறுபடி காற்றுக்கு. நாம் பெரிதாக்குவது இரண்டாவது கைமாற்றத்தை மட்டும்தான். மீதி எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

சுமை எவ்வளவு? முழு மிதியில் இந்த இன்ஜின் விநாடிக்குச் சுமார் 400 கிராம் காற்றை விழுங்குகிறது. அதை 115 டிகிரியிலிருந்து 60-க்கு இறக்க ஏறத்தாழ 22 கிலோவாட் சூட்டை வெளியேற்ற வேண்டும். வீட்டில் மாட்டும் ஒரு டன் ஏசி சுமார் 3.5 கிலோவாட் சூட்டை எடுக்கும். ஆறு ஏசி செய்யும் வேலையை, ஒரு கை அகலச் செங்கலும் பம்பருக்குப் பின்னால் ஒரு மெல்லிய அலுமினியத் தட்டும் சேர்ந்து செய்தாக வேண்டும். முழு மிதி சில விநாடிகள்தான் நீடிக்கும் என்பதால் தொழிற்சாலையில் வைத்தது போதுமானதாக இருக்கிறது. தண்ணீரே கொஞ்ச நேரத்துக்குச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும், பிறகு மெதுவாக ஆறிக்கொள்ளும். தொடர்ந்து மிதித்தால் ஆறுவதற்கு அவகாசம் கிடைக்காது.

ஜெனரல் மோட்டார்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2008-இல் அந்தக் கம்பெனியின் ஜான் ஹைன்ரிசி இந்த வண்டியை நியூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் 7 நிமிடம் 59.32 விநாடியில் சுற்றி வந்தார். ஏறக்குறைய எட்டு நிமிடம் விடாமல் மிதித்த மிதி. ஆனால் அது ஜெர்மனியின் ஐஃபெல் மலைக்காடு. அல் ஐன் வெயில் வேறு ஜாதி. ஹீட் எக்ஸ்சேஞ்சர் சூட்டைக் கொட்டுவதே தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை நம்பித்தான். தண்ணீர் 60 டிகிரியில் இருந்து வெளியே 15 டிகிரி என்றால் வித்தியாசம் 45. வெளியே 45 என்றால் வித்தியாசம் 15 மட்டுமே. அதே பொருள், அதே காற்றோட்டம். ஆனால் கொட்டும் சூடு மூன்றில் ஒரு பங்கு. வளைகுடாவில் இந்த மாற்றத்துக்கு ஜெர்மனியிலோ மிச்சிகனிலோ இல்லாத அர்த்தம் உண்டாவது இதனால்தான்.

சூடு ஏறினால் வண்டி என்ன செய்கிறது? இங்கே பலர் சொல்வதில் ஒரு குழப்பம் இருக்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதனால் இன்ஜினுக்குக் காற்று குறைகிறது, அதனால் திறன் குறைகிறது என்பார்கள். இந்த வகைச் சூப்பர்சார்ஜருக்கு அது பாதி உண்மைகூட இல்லை. அது ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளும் பம்ப். எவ்வளவு காற்று போக வேண்டும் என்பது பெரும்பாலும் அதன் வாசலிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பிற்பாடு காற்று சூடாக இருந்தால் அழுத்தம் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். உண்மையான இழப்பு கம்ப்யூட்டரிடம் நடக்கிறது. இன்டர்கூலரைத் தாண்டிய காற்றின் வெப்பநிலையை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். லாக்கில் ஐஏடி 2 என்று வருவது அதுதான். அது ஏற ஏற, நாக்கிங்குக்குப் பயந்து கம்ப்யூட்டர் ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். வெடிப்பு தாமதமாக நடக்கும், தள்ளும் வேகம் குறையும். பெட்ரோல் பங்கில் 98 ஆக்டேன் சூப்பர் போட்டாலும் இந்தப் பயம் போகாது.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கை. குளிர்விப்பை மேம்படுத்திய பிறகு பூஸ்ட் மீட்டர் பழைய அளவைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். என் வண்டியில் ஏறக்குறைய அரை பிஎஸ்ஐ இறங்கியது. அடித்துப் பிடித்துக்கொண்டு பெல்ட் வழுக்குகிறதோ, எங்காவது காற்று கசிகிறதோ என்று தேட வேண்டாம். காற்று குளிர்ந்து சுருங்கியிருக்கிறது, வேலை சரியாக நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

பரிசோதனைக்கு நான் வைத்துக்கொண்ட ஒரே விதி, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது என்பது. பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஹோஸ், கூலன்ட் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு "பத்து டிகிரி குறைந்தது" என்று சொல்பவர்களுக்கு எது குறைத்தது என்றே தெரியாது. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எனக்குப் பழக்கமான கராஜ் ஒன்று உண்டு. நடத்துபவர் தூத்துக்குடிக்காரர், நான் அண்ணாச்சி என்பேன். படிப்படியாகத்தான் செய்ய வேண்டும் என்று நான் சொன்னபோது, "ரெண்டு வாட்டி பம்பர் கழட்டணும், ரெண்டு வாட்டி லேபர் ஆவும் தம்பி, பாத்துக்கிடுங்க" என்றார். நியாயமான பேச்சு.

முதலில் பம்ப். பழைய பம்ப் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சுளுவான வழி இருக்கிறது: குளிர்ந்த வண்டியில் சாவியைப் போட்டு, இன்டர்கூலர் சுற்றின் சின்ன டேங்க் மூடியைத் திறந்து பார்த்தால் கூலன்ட் அலைய வேண்டும். என்னுடையது அலைந்தது, ஆனால் சுழன்றது என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு வயதான வண்டியில் பம்ப் களைத்துப் போயிருப்பது சகஜம். பெரிய பம்ப் ஏன் உதவுகிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 22 கிலோவாட் சூட்டை நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓட்டத்தில் சுமந்தால், செங்கலுக்குள் நுழையும் கூலன்ட்டுக்கும் வெளியே வரும் கூலன்ட்டுக்கும் நடுவே 18 டிகிரி ஏறிவிடும். செங்கலின் பின்பாதியில் ஓடுவது ஏற்கெனவே வெந்நீர். ஓட்டம் 40 லிட்டர் ஆனால் அந்த ஏற்றம் 9 டிகிரிதான். செங்கல் முழுவதும் உழைக்கும். பம்புக்கு மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படுவதால் பழைய ஒயரை நம்பாமல் பேட்டரியிலிருந்து நேராக, தனி ரிலே, தனி ஃப்யூஸ் போட்டு எடுத்தோம்.

கூலன்ட் விஷயத்தில் குளிர்நாட்டுக்காரர்கள் சொல்வதை இங்கே அப்படியே கேட்க வேண்டியதில்லை. தொழிற்சாலையில் பாதிக்குப் பாதி கிளைகால் கலப்பார்கள், பனியில் உறையாமல் இருக்க. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டிக்காரன். பாதிக்குப் பாதி கலவை அதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவாகவே சுமக்கும். உறைபனி கேள்விப்படாத ஊரில் கிளைகாலை 20, 25 சதவீதத்துக்கு இறக்கலாம். அறவே விட்டுவிட முடியாது, அலுமினியம் அரிக்காமல் காக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. மீதிக்கு டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் தேர்வில் எனக்கு அதிக நேரம் போயிற்று. கம்பெனிப் பெயரை எழுதப் போவதில்லை; அமெரிக்காவிலிருந்து இந்த வண்டிக்கு வரும் பொருள்களில் பெயரைவிட அமைப்புதான் பார்க்க வேண்டியது. பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கூலன்ட் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறதா, அல்லது போய்த் திரும்பி வருகிறதா. போய்த் திரும்புவதை டூயல் பாஸ் என்கிறார்கள். கூலன்ட் ஓடும் தூரம் கூடும், ஆனால் பம்புக்கு எதிர்ப்பும் கூடும். களைத்த பம்போடு டூயல் பாஸ் வைத்தால் கொடுத்த காசு வீண். இரண்டு, உட்கட்டுமானம். தட்டையான குழாய்களுக்கு நடுவே மெல்லிய மடிப்புத் தகடு வைத்தது ட்யூப் அண்ட் ஃபின். இன்னொன்று கனத்த கம்பிகளையும் தட்டுகளையும் அடுக்கிச் சூளையில் ஒட்டவைத்தது, பார் அண்ட் பிளேட். பின்னது கல்லடியைத் தாங்கும், கனமானது, கையில் எடுத்தால் காசுக்குப் பொருள் வாங்கியது போல் இருக்கும். காற்றைத் தடுப்பதும் அதுதான். எக்ஸ்சேஞ்சரின் பின்னால் ஏசி கண்டன்சரும், அதன் பின்னால் இன்ஜின் ரேடியேட்டரும் வரிசையாக நிற்கின்றன. முன்னால் நிற்பவர் அகலமாக நின்றால் பின்னால் இருப்பவருக்கு மூச்சு முட்டும். நான் எடுத்தது டூயல் பாஸ், ட்யூப் அண்ட் ஃபின், பழையதைவிட அகலமும் உயரமும் கூடியது, தடிமன் ஏறக்குறைய இரட்டிப்பு. இதைவிடத் தடிமனானதும் கிடைக்கிறது. வேண்டாம் என்று நினைத்ததற்கான காரணம் பின்னால் வரும்.

மாட்டும் வேலை கஷ்டமில்லை, எரிச்சலானது. பம்பரைக் கழற்ற வேண்டும் என்றால் சக்கர வளைவுகளுக்குள் இருக்கும் போல்ட், அடித்தட்டு, மேலே பிளாஸ்டிக் கிளிப் வரிசை. இந்த வெயிலில் பத்து வருடம் காய்ந்த கிளிப் எடுக்கும்போதே பிஸ்கட் மாதிரி நொறுங்கும். புது கிளிப் ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொண்டுதான் கைவைக்க வேண்டும். வந்த பொருளின் வெல்டிங் அழகாக இருந்தது. பிராக்கெட் அவ்வளவு அழகாக இல்லை. ஒரு பக்கத் துளை வண்டியின் துளையோடு ஐந்தாறு மில்லிமீட்டர் ஒட்டாமல் நின்றது. "அப்படியே போல்ட்டில் மாட்டிவிடலாம்" என்று விளம்பரத்தில் எழுதுகிறவர்கள் இதை ஒரு தடவையாவது தங்கள் கையால் மாட்டிப் பார்த்தால் நல்லது. அண்ணாச்சி துளையை அரம் வைத்து நீளவாக்கில் ராவினார். ஹார்னின் தகடு இடித்தது, அதை வளைத்துத் தள்ளிவைத்தோம்.

எல்லாம் மாட்டி முடிந்தது என்று நான் நினைத்தபோது அவர் பம்பரைத் தூக்க விடவில்லை. டார்ச்சை அடித்து, எக்ஸ்சேஞ்சரின் இரண்டு பக்கங்களிலும் விரல் நுழையும் சந்தைக் காட்டினார்.

"காத்துக்கு என்ன தம்பி, சுளுவான வழியத்தான் பாக்கும். இந்தச் சந்து கெடந்தா இதுக்குள்ள எதுக்குப் போவுது? சுத்திக்கிட்டுப் போயிரும்."

"ஃபோம் ஒட்டினா வெயிலுக்குத் தாங்குமா அண்ணாச்சி?"

"வருசத்துக்கு ஒருக்க பிச்சுப்போட்டுட்டுப் புதுசு ஒட்டுவோம். அதுக்கென்ன இப்ப."

கட்டிங் பிளேடால் ஃபோம் பட்டையைக் கீறி, பக்கவாட்டிலும் அடியிலும் அடைத்தார்.  சில திர்ஹாம் பெறாத பொருள். ஹீட் எக்ஸ்சேஞ்சரே மாற்றாதவர்கள்கூட இதைச் செய்யலாம்.

இந்த வேலையில் எல்லாரும் சறுக்கும் இடம் கூலன்ட் நிரப்புவது. செங்கல் இருப்பது இன்ஜினின் உச்சியில், எக்ஸ்சேஞ்சர் இருப்பது தாழ்வில். டேங்க்கில் ஊற்றி பம்பை ஓடவிட்டால் கூலன்ட் இறங்குவது போலத் தெரியும்; ஆனால் மேலே செங்கலுக்குள் காற்று ஒரு குமிழாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். மின்சார பம்ப் காற்றைத் தள்ளாது, நுரையடித்துக்கொண்டே சுற்றும். வெளியே எல்லாம் புத்தம் புதிது, உள்ளே செங்கலின் பாதிக்குத் தண்ணீரே எட்டாது. இதற்கு வாக்குவம் முறைதான் சரி. டேங்க் வாயில் ஒரு ரப்பர் அடைப்பானை மாட்டி, கம்ப்ரஸர் காற்றால் உறிஞ்சினால், மீட்டர் முள் இறங்கிக்கொண்டே போகும். ஹோஸ்கள் எல்லாம் உறிஞ்சப்பட்டுத் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் வால்வை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முள் அசையாவிட்டால் கசிவு இல்லை. எங்களுக்கு அசைந்தது, மெதுவாக. கீழ் ஹோஸில் ஒரு கிளாம்ப் சாய்ந்து பிடித்திருந்தது. அதைச் சரிசெய்து மறுபடி உறிஞ்சி, கூலன்ட் கேனுக்குள் விட்டிருந்த டியூபின் வால்வைத் திறந்ததும் சர்ரென்று உறிஞ்சிக்கொண்டது. தட்டையாகக் கிடந்த ஹோஸ்கள் ஒவ்வொன்றாக உப்பி எழுந்தன. பம்பைப் போட்டு டேங்க்கைப் பார்த்தால், இந்தத் தடவை சந்தேகமில்லாத சுழற்சி.

இனி எண்கள். ஆட்டோட்ரோமின் 5.39 கிலோமீட்டர் சுற்று, மாலை நேரம், வெளியே 38 டிகிரி அளவில் இருந்த நாள்களை மட்டும் ஒப்பிடுகிறேன். தொழிற்சாலை நிலையில் முதல் சுற்றின் நீளமான நேர்ப்பாதை முடிவில் ஐஏடி 2 சுமார் 75 டிகிரி. மூன்றாவது சுற்றில் அதே இடத்தில் 90-ஐத் தாண்டியது. டைமிங் ஐந்தாறு டிகிரி பின்வாங்கியிருந்தது. அந்தப் பின்வாங்கல்தான் நான் முதலில் சொன்ன சோம்பல். பம்ப் மட்டும் மாற்றி, காற்றைச் சுத்தமாக எடுத்த பிறகு மூன்றாவது சுற்று 85-ல் நின்றது. எக்ஸ்சேஞ்சரும் ஃபோமும் சேர்ந்த பிறகு 77. டைமிங் இழப்பு ஒன்றிரண்டு டிகிரிக்குள்.

ஆனால் முதல் சுற்றைப் பாருங்கள். எல்லாம் மாற்றிய பிறகும் முதல் நேர்ப்பாதை முடிவில் 71, 72. வெறும் மூன்று நான்கு டிகிரி வித்தியாசம். ஏனென்றால் முதல் மிதியில் தீர்ப்பு சொல்வது செங்கல். அதை நாம் தொடவே இல்லை. எல்எஸ்ஏ-வில் ஒற்றைச் செங்கல்தான். இதன் அண்ணன், 2009 கார்வெட் இசட்ஆர்1-இல் வந்த எல்எஸ்9 இன்ஜினுக்கு இரட்டைச் செங்கல். டைனோவில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு "இத்தனை குதிரை கூடியது" என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். குளிர்ந்த வண்டியில் ஒரே ஓட்டத்தில் இந்தப் பொருள் சொல்லும்படியாக எதையும் தராது. இழந்த திறன் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்பதில்தான் அதன் வித்தை. ஒரு முழு மிதிக்குப் பிறகு நெடுஞ்சாலை வேகத்தில் ஐஏடி 2 பழைய நிலைக்கு இறங்க முன்பு நாலு நிமிடம்போல் ஆகும். இப்போது ஒன்றரை நிமிடத்துக்குள் இறங்கிவிடுகிறது. சுற்றுப்பாதையில் வளைவுகளில் மூச்சு விடும் நேரமே அதற்குப் போதுமானதாக இருக்கிறது.

இதற்குக் கொடுத்த விலை மலையில் தெரிந்தது. ஜெபல் ஹஃபீத் பாதை ஏறக்குறைய 12 கிலோமீட்டர், அறுபது வளைவு, ஏற்றம் விடாது. மதிய வேளையில், வேக வரம்புக்குள்ளேயே, ஏசி போட்டுக்கொண்டு ஏறினால்கூட இன்ஜின் கூலன்ட் முன்பு 98 டிகிரியில் நின்றது இப்போது 103 வரை போகிறது. அபாயமில்லை, ஆனால் அது தற்செயலும் இல்லை. முன்னால் தடித்த ஒன்றை நிறுத்தி, அதன் சூட்டையும் பின்னாலிருக்கும் ரேடியேட்டர் மேல் ஊதுகிறோம். ஏசியிலும் அப்படித்தான். நகரும்போது வித்தியாசம் தெரியவில்லை. சிக்னலில் நின்றால் ஏசி வாசலில் முன்பு 9, 10 டிகிரியாக வந்த காற்று இப்போது 12. வேறு ஊரில் இது பெரிய விஷயமில்லை. ஷேக் சாயித் ரோட்டில் ஆகஸ்ட் மதியம் பின்சீட்டில் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு நிற்பவருக்குப் பெரிய விஷயம். இன்னும் தடிமனான எக்ஸ்சேஞ்சரை நான் ஒதுக்கியது இதற்காகத்தான்.

இந்த மாற்றம் தீர்க்காத தொல்லை ஒன்று உண்டு. வண்டியை ஓட்டிவிட்டு பெட்ரோல் பங்கில் பத்து நிமிடம் நிறுத்தினால், கீழே கொதிக்கும் இன்ஜின் தன் மடியில் இருக்கும் சூப்பர்சார்ஜரை வேகவைத்துவிடும். பம்ப் நின்றிருக்கும், கூலன்ட் அசையாது. திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஐஏடி 2 எழுபதுக்கு மேல் காட்டும். முகப்பில் எவ்வளவு பெரியது வைத்தாலும் வண்டி நகர்ந்து, தண்ணீர் இரண்டு மூன்று சுற்று சுற்றிய பிறகே இறங்கும். இன்ஜினை அணைத்த பிறகும் பம்ப் சில நிமிடம் ஓடும்படி டைமர் ரிலே போடலாம். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் நான் அதை ஆதரிப்பேன்.

வெளிக்காற்றைவிடக் குளிராக ஆக்க முடியாதா என்று கேட்பார்கள். காற்றால் முடியாது, பௌதிகம் விடாது. ஐஸ் போடலாம், டிக்கியில் பெரிய டேங்க் வைத்து டிராக் ரேஸுக்கு ஐஸ் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தினசரி வண்டிக்கு அது கூத்து. இன்னொரு வழி, ஏசியின் குளிர்வாயுவையே இன்டர்கூலர் தண்ணீரைக் குளிர்விக்கத் திருப்பிவிடுவது. 2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமனில் தொழிற்சாலையே அப்படிச் செய்தது. நம் வண்டிகளுக்கும் அப்படிப்பட்ட கிட் வருகிறது. வளைகுடாவில் ஏசிக்கே மூச்சு வாங்கும்போது அதன் குளிரைப் பங்கு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மறுபக்கம், எக்ஸ்சேஞ்சர்களைக் கூட்டிக்கொண்டே போகும் வழியும் இருக்கிறது: 2019 கார்வெட் இசட்ஆர்1-இல் எல்லாம் சேர்த்து 13 வைத்தார்கள். ஒரு பம்பருக்குப் பின்னால் இருக்கும் இடம் நமக்கு அவ்வளவு தாராளம் இல்லை.

பொருள், பம்ப், கப்பல் கூலி, இரண்டு தடவை லேபர் எல்லாம் சேர்ந்து எனக்கு நாலாயிரம் திர்ஹாமுக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. இதில் பம்புக்கும் வாக்குவம் நிரப்பலுக்கும் ஆனது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கிடைத்த பலனில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானது அவற்றிலிருந்து வந்தது என்று எண்கள் சொல்கின்றன. நீங்கள் டிராக் பக்கமே போகாதவர், சிக்னலிலிருந்து சிக்னலுக்கு ஒரு மிதி மிதிப்பதோடு சரி என்றால், பம்ப், கூலன்ட், ஃபோம் இந்த மூன்றோடு நின்றுகொள்ளுங்கள். சிறிய புல்லி போட்டுப் பூஸ்ட் ஏற்றியவர்கள், ஏற்றப் போகிறவர்கள், டிராக்கில் தொடர்ந்து சுற்றுகிறவர்கள் எக்ஸ்சேஞ்சரை மாற்றியே ஆக வேண்டும், அதுவும் புல்லிக்கு முன்னால். சூட்டை வெளியேற்றும் வழி இல்லாமல் பூஸ்டைக் கூட்டினால், கூட்டிய பூஸ்டைக் கம்ப்யூட்டர் டைமிங்கில் பிடுங்கிக்கொள்ளும். மெர்சிடீஸின் 55 ஏஎம்ஜி, ஆடியின் 3.0 சூப்பர்சார்ஜ்டு வி6 வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசைதான். தண்ணீர்ச் சுற்றின் அமைப்பு வண்டிக்கு வண்டி வேறுபடும் என்பதால், கிட் வாங்குவதற்கு முன் அவரவர் சுற்று எங்கே இன்ஜின் கூலன்ட்டோடு சேருகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. மணல்காற்று அடித்த வாரங்களுக்குப் பிறகு தகடுகளுக்கு நடுவே மாவு போன்ற தூசியும் பூச்சியும் அடைத்துக்கொள்ளும். கார் வாஷில் பிரஷர் கன்னை நேராக நீட்ட விடாதீர்கள், மெல்லிய தகடுகள் ஒரே வீச்சில் மடங்கிவிடும். சாதாரணத் தோட்டக் குழாய், மெதுவான தண்ணீர், முடிந்தால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக. ஃபோம் பட்டை பிய்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.